லீவு லெட்டர் எழுதத் தெரிந்த பிள்ளைகள்

பதிவு கொஞ்சம் நீளம்தான். கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் மட்டுமாவது கடைசி வரை படியுங்கள்.

ஐந்தாம் வகுப்பிலேயே விடுப்பு விண்ணப்பம் எழுதச் சொல்லிக் கொடுத்துவிடுவோம். அனுப்புநர், பெறுநர், பொருள், இடம், நாள், கையொப்பம் என்று ஒன்றையும் விடக்கூடாது. அப்படி எழுதிப் பழகிய பிள்ளைகள்தான் இன்று விடியற்காலையில் கரியமாணிக்கத்தில் கம்பெனி வேனுக்கு நிற்கிறார்கள். திருபுவனைக்கும் சேதராப்பட்டுக்கும் போகிறார்கள். "லீவு வேணும்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டுப் பார்த்தேன். "சூப்பர்வைசருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுவோம் டீச்சர்" என்றார்கள். லெட்டர் எழுதுகிறவர் ஒருவரும் இல்லை.

இதில்தான் சட்டம் தோற்கிறது என்பது என் கருத்து. நம் நாட்டில் லீவுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. லீவு கேட்டதற்கும் கொடுத்ததற்கும் மறுத்ததற்கும் காகிதம்தான் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று சுருக்கமாகப் பார்ப்போம். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம், ஒரு வருடத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் என்று சம்பளத்தோடு லீவு கொடுத்தது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபின் அந்த 240 நாள் 180 நாளாகக் குறைந்திருக்கிறது. பிரசவ விடுப்பு முன்பு 12 வாரம். 2017 ஏப்ரல் முதல் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். அதற்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். அந்த விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர் நோய்வாய்ப்பட்டால், தேவையான நாள்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், வருடத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும்.

இனி நடப்பதைப் பாருங்கள். என்னிடம் படித்த ஒரு பெண், பெயரும் கம்பெனியும் வேண்டாம், நான்கு வருடம் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள். ஏழாம் மாதம் ஆனதும், "போய் நல்லபடியா பெத்துட்டு வாம்மா, பார்த்துக்கலாம்" என்று அன்பாகச் சொல்லி அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனதும் திரும்பப் போனாள். கம்பெனி, "நீ காண்ட்ராக்டர் ஆள்" என்றது. காண்ட்ராக்டரோ, "நீயாத்தானே நின்னுட்ட" என்றார். அவளை யாரும் டிஸ்மிஸ் செய்யவில்லை. அவளுக்கு யாரும் லீவும் மறுக்கவில்லை. காகிதத்தில் எதுவுமே நடக்கவில்லை! எந்த அதிகாரியிடம் எதைக் காட்டுவாள்?

அரசு வேலையில் எங்களுக்கு லீவு ஒழுங்காகக் கிடைத்ததற்குக் காரணம் அதிகாரிகளின் தாராள மனசு இல்லை. விண்ணப்பம் போகும், ஆணை வரும், சர்வீஸ் புக்கில் பதிவாகும். மறுத்தாலும் எழுத்தில் மறுக்க வேண்டும்.

அந்த எழுத்துக்கு என்ன பலம் என்பதற்குத் தர்மபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியை ஒருவரின் வழக்கே சாட்சி. முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள். மறுமணத்துக்குப் பின் பிறந்த குழந்தைக்குப் பிரசவ விடுப்பு கேட்டார். மூன்றாவது குழந்தை என்று 2021இல் மறுத்துவிட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். 2022இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. கடைசியில் 2025 மே 23 அன்று உச்ச நீதிமன்றம், பிரசவ விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமைகளில் சேர்ந்தது என்று சொல்லி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. விண்ணப்பமும் மறுப்பு ஆணையும் கையில் இருந்ததால்தானே டெல்லி வரை போக முடிந்தது?

"அது அரசு வேலை, நாங்க தினக்கூலி" என்று சொல்லாதீர்கள். டெல்லி மாநகராட்சியின் மஸ்டர் ரோலில் தினக்கூலியாக இருந்த பெண்களுக்கும் பிரசவப் பலன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. அவர்கள் பெயர் மஸ்டர் ரோலில் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

முதலாளிகள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. வேலைக்கே வராதவருக்கு ஆறு மாதச் சம்பளம் கொடுப்பது சிறு கம்பெனிக்குப் பாரம்தான். அந்தப் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளத்தான் ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவருக்கு முதலாளி கட்டுவது 3.25 சதவீதம், தொழிலாளி கட்டுவது 0.75 சதவீதம். பிரசவகாலச் சம்பளத்தை ஈ.எஸ்.ஐ. கழகமே கொடுத்துவிடும். ஆளைக் கணக்கில் காட்டாமல் அந்த 3.25ஐ மிச்சம் பிடித்துவிட்டு, பிறகு லீவு கட்டுபடியாகவில்லை என்பது என்ன நியாயம்? ஈ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே முழுச் செலவும் முதலாளி தலையில் விழுவது உண்மை. பெண்களை வேலைக்கு எடுக்கவே தயங்குகிறார்கள். அதில் அரசு பங்கு ஏற்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அந்தப் போராட்டத்தின் பலன்தான் இங்கே வந்த எட்டு மணி நேர வேலை. உயிர் கொடுத்து ஓய்வு நேரத்தை வாங்கிய ஊர் இது. இங்கே லீவைச் சலுகைபோலக் கெஞ்சி வாங்கக் கூடாது.

ஆகவே பிள்ளைகளே, ஐந்தாம் வகுப்புப் பாடத்தை மறுபடி எடுங்கள். லீவு லெட்டரை இரண்டு படி எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். அதுவும் முடியாவிட்டால் வாட்ஸ்அப்பிலாவது எழுதுங்கள், அழிக்காதீர்கள். புதிய சட்டப்படி நியமனக் கடிதம் கட்டாயம், கேட்டு வாங்குங்கள். சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஈ.எஸ்.ஐ. எண் இருந்தால் பணம் உண்மையில் கட்டப்படுகிறதா என்று பாருங்கள்.

தொழிலாளர் துறைக்கு ஒரு வேண்டுகோள். சோதனைக்குப் போகும்போது வருகைப் பதிவேட்டோடு லீவுப் பதிவேட்டையும் பாருங்கள். நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் வருடம் முழுவதும் ஒருவர்கூட லீவு எடுக்கவில்லை என்று இருந்தால், அங்கே எல்லோரும் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்றா அர்த்தம்?

லெட்டர் எழுதுவதில் சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு வாருங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் சும்மாதான் இருக்கிறேன்.