பீரங்கிச் சின்னம்

நெட்டுக்குப்பத்துச் சிறாரும் ஓசை கேட்ட அளவிலே, ‘புல்லட் வருகிறது’ என்பர். இங்கிலாந்தில் துப்பாக்கி உறுப்புகள் செய்தளித்த நிறுவனம் 1901இல் மோட்டார் சைக்கிளும் செய்யத் தொடங்கிற்று. ஆகலின் ராயல் என்பீல்டுக்குப் பீரங்கியே சின்னமாயிற்று.

மலையும் மணலுமான எல்லைப்புறங்களில் நம் படையினர் காவல் புரிய இவ்வண்டி தெரிந்தெடுக்கப்பட்டது. 1955இல் சென்னையில் என்பீல்டு இந்தியா தோன்றிற்று. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. 1970 அளவில் தாய் நிறுவனம் மாய்ந்தது, சேய் மாயவில்லை. 1977இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே வண்டிகள் சென்றன. கொல்லன் தெருவில் ஊசி விற்பதோ என நகைப்பார் நகைக்க!

படைப்பெருமையே இதனை வாழ்வித்தது என்பர் சிலர். யான் உடன்படேன். அப்பெருமை குன்றாதிருந்த காலத்திலேயே விற்பனை குன்றிற்று. எடை குறைந்து, எரிபொருள் சிக்கனமாய் ஓடும் வண்டிகள் வந்தபின், எண்ணெய் ஒழுகும் எஞ்சினையும் உதைத்து முடுக்கும் வருத்தத்தையும் எவர் விரும்புவர்? 2000 அளவில் உரிமையாளர் இத்தொழிலையே கைவிட எண்ணினர். குறைகளை ஒவ்வொன்றாய்க் களைந்து, 2009 அளவில் புதிய எஞ்சினைப் பொருத்திய பின்னரே வாங்குவோர் பெருகினர். அன்று கதவடைத்திருப்பின், திருவொற்றியூரில் எத்தனை இல்லங்களில் அடுப்பு எரியாதிருக்கும்! பீரங்கியா வந்து உலை வைத்திருக்கும்?