ஜப்பானுக்குப் போனாலே பாஷை வந்துவிடுமா?

ஒரகடம் வாலிபர்கள் கடன் வாங்கும் முன் யோசிக்க வேண்டும்!

"ஜப்பானுக்குப் போ. ஒரு வருஷம் இரு. பாஷை தானாக வந்துவிடும். அப்புறம் பார், சம்பளம் எங்கேயோ போய்விடும்!"

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்து வாலிபர்களின் காதில் விழுகிற ஆசை வார்த்தை இது. இதை நம்பி நகையை அடகு வைத்தாவது மகனை அனுப்பத் துணிகிற பெற்றோர்களும் உண்டு.

வெளிநாடு போய் மொழி படிப்பது நல்ல காரியம்தான். ஆனால் விமானம் ஏறினாலே மொழி வந்துவிடும் என்பது சுத்தப் பொய்!

ஆசை ஏன் வந்தது?

ஆசைப்பட்டதில் தப்பு இல்லை. 1996-ல் ஹூண்டாய் கம்பெனி இருங்காட்டுக்கோட்டையில் கால் வைத்தது. கூடவே கொரிய மொழியும் வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. பிரெஞ்சும் ஜப்பான் மொழியும் வந்தன. 2012-ல் டைம்லர் லாரி தொழிற்சாலையோடு ஜெர்மன் வந்தது.

இங்கே செய்த கார்கள் கப்பல் ஏறி மெக்சிகோ, சிலி, பெரு நாடுகளுக்குப் போகின்றன. அங்கெல்லாம் ஸ்பானிஷ் மொழி. ஆக, இந்த ஒரு ரோட்டில் ஐந்து பாஷைக்கு வேலை இருக்கிறது.

மெஷின் நின்றுபோனால் வெளிநாட்டு என்ஜினீயர் ஓடி வந்து ஏதோ சொல்கிறார். மொழிபெயர்ப்பாளர் வந்து சேரும் வரை பத்துப் பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். "கையை எடு" என்று அவர் கத்துவது புரியாவிட்டால் விரலே போய்விடும். இரண்டு பாஷையும் தெரிந்தவருக்கு மதிப்பு இருக்காதா, என்ன?

வந்தவர்கள் கற்றது எப்படி?

குருவைத் தேடிப் போவதும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர், மந்திரத்தின் பொருளைக் கேட்பதற்காகத் திருக்கோட்டியூருக்கு 18 முறை நடந்தார் என்று வைணவர்கள் சொல்வார்கள்.

வெளிநாட்டிலிருந்து இங்கே வந்து தமிழ் படித்தவர்களும் உண்டு. இத்தாலியில் பிறந்த பெஸ்கி பாதிரியார் 1710-ல் இந்தியாவுக்கு வந்தார். தமிழ்நாட்டு ஜனங்களோடு கிராமங்களில் வாழ்ந்தார். புலவர்களிடம் பாடம் கேட்டார். வீரமாமுனிவர் ஆனார். 1732-ல் "சதுரகராதி" என்று தமிழனுக்கே அகராதி தொகுத்துக் கொடுத்தார்!

ஜப்பான் அறிஞர் நொபொரு கராஷிமா 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து படித்தார். சோழர் காலக் கல்வெட்டுகளைப் படித்து ஆராய்கிற அளவுக்குத் தேறினார். 2013-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இவர்கள் இருவரும் வந்து இறங்கியதால் தமிழ் கற்கவில்லை. பழகியதால் கற்றார்கள். இதுதான் விஷயம்.

கண் முன்னே சாட்சி

சந்தேகம் இருந்தால் தொழிற்பேட்டையைச் சுற்றி வந்து பார்க்கலாம்.

பீகாரில் இருந்தும் ஒடிசாவில் இருந்தும் வாலிபர்கள் வேலைக்கு வருகிறார்கள். எட்டுப் பேர் ஒரே அறையில் தங்கி, சேர்ந்து சமைத்து, சேர்ந்து ஷிப்டுக்குப் போனால் எல்லாப் பேச்சும் சொந்த பாஷையில்தான். வருஷம் இரண்டு ஆனாலும் தமிழ் வராது. அதே ஊர்ப் பையன் டீக்கடையில் வேலைக்குச் சேரட்டும். ஆறே மாதத்தில், "அண்ணே, ஸ்ட்ராங்கா, லைட்டா?" என்று கேட்கிறான்! பாக்கி வைத்தவனிடம் தமிழிலேயே சண்டையும் போடுகிறான்.

இருவரும் வந்தது ஒரே ஊருக்குத்தான். ஒருவனுக்கு மட்டும் ஏன் பாஷை வந்தது? பேசினால்தான் பிழைப்பு என்ற நிலை அவனுக்கு இருந்தது.

கொரியாக்காரர்கள் கதையும் இதேதான். அவர்களுக்குக் கொரிய சாப்பாட்டுக் கடை இருக்கிறது. கார் டிரைவர் இங்கிலீஷ் பேசி விடுகிறார். அப்புறம் தமிழ் எதற்கு? தமிழ் தேவைப்படாததால் வருவதில்லை. அவர்கள் மீது குற்றம் சொல்லிப் பயன் இல்லை.

நம்மவர்கள் டோக்கியோவுக்குப் போனாலும் இதே விதிதான். ஒரே அறையில் ஐந்து தமிழர்கள், செல்போனில் தமிழ்ப் படம், ஞாயிற்றுக்கிழமை சாம்பார் என்று இருந்தால், உடம்பு ஜப்பானில் இருக்கும். நாக்கு ஒரகடத்திலேயே இருக்கும்!

கடன் போடும் கணக்கு

இதில் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது.

மொழி படிக்கும் மாணவர் விசாவில் ஜப்பானுக்குப் போகிறவர், பள்ளி நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அதற்கும் தனியாக அனுமதி வாங்க வேண்டும். மீறினால் விசாவுக்கே ஆபத்து.

கடனைத் தலையில் சுமந்துகொண்டு போகிறவர் என்ன செய்வார்? கிடைத்த ராத்திரி வேலைக்குப் போவார். பகலில் வகுப்பில் தூங்குவார். நள்ளிரவில் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவரிடம் யார் வந்து ஜப்பான் மொழி பேசப் போகிறார்கள்? மொழி படிக்க வாங்கிய கடனே மொழியைக் கெடுத்துவிடுகிறது!

இன்னொன்று. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டு, 1983-ம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். சேவைக் கட்டணம் 30 ஆயிரம் ரூபாய், அதற்கு ஜி.எஸ்.டி. வரி. அதற்கு மேல் கேட்கக் கூடாது. ஆனால் "வேலைக்கு இல்லை, படிக்க அனுப்புகிறேன்" என்று சொல்கிறவர் இந்தப் பதிவுக்குள் வருவதில்லை. ஆகவே அந்த வார்த்தையைக் கேட்டதும் உஷாராக வேண்டும்.

வேலைக்கே போக வேண்டுமானால் நேர் வழி இருக்கிறது. குறிப்பிட்ட தொழில்களுக்கு ஆள் எடுக்க இந்தியாவும் ஜப்பானும் 2021-ல் ஒப்பந்தம் செய்தன. அதற்குத் தொழில் தேர்வோடு மொழித் தேர்வும் தேற வேண்டும். அதாவது, பாஷையைப் படித்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும்.

இங்கேயே படிக்கலாம்!

அடிப்படைப் பாடத்துக்குச் சீமைக்குப் போக வேண்டியதில்லை. ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்கள் சேர்ந்து நடத்தும் ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய், சென்னையில் ஜப்பான் மொழி கற்றுக்கொடுக்கிறது. கொரிய மொழிக்கு இன்கோ மையம், ஜெர்மனுக்கு மாக்ஸ்முல்லர் பவன், பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேஸ் என்று எல்லாம் சென்னையில் இருக்கின்றன.

தமிழனுக்கு ஒரு சவுகரியமும் உண்டு. தமிழைப் போலவே ஜப்பான் மொழியிலும் கொரிய மொழியிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். கொரியாவில் குழந்தைகள் அப்பாவை "அப்பா" என்றே கூப்பிடுகின்றன!

ஆனால் "சென்னையில்" என்ற இடத்தில்தான் சிக்கல். ஷிப்டு முடிந்து வருகிற தொழிலாளி, மறுபடி பஸ் ஏறி 40 கிலோ மீட்டர் போய்ப் படிக்க முடியுமா? பாஷை தேவைப்படுகிறவன் ஒரகடத்தில் நிற்கிறான். வகுப்போ பட்டணத்தில் நடக்கிறது!

ஷிப்டு நேரத்தை அனுசரித்து ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் மாலை வகுப்பு நடத்த அரசாங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும். பள்ளிக்கூடக் கட்டிடம் ஒன்று போதும்.

தொழிற்சாலை முதலாளிகளும் மனது வைக்க வேண்டும். வாரம் ஒரு மணி நேரம், வெளிநாட்டு என்ஜினீயரையும் நம்ம ஊர்த் தொழிலாளியையும் ஒரே மேஜையில் உட்கார வைக்கட்டும். அவர் தன் பாஷையில் பத்து வார்த்தை சொல்லட்டும். இவர் தமிழில் பத்து வார்த்தை சொல்லட்டும். "கையை எடு" என்பதில் ஆரம்பித்தால் இன்னும் நல்லது.

அப்படிப் படித்தவன் பிறகு வெளிநாடு போனால், போன நாளிலிருந்தே வாய் திறப்பான். அவன் பணமும் வீணாகாது. மொழியும் பழுத்து வரும்.

விமானம் ஏறப் பணம் வேண்டும். வாயைத் திறக்கப் பணம் வேண்டாம்!