வலிமை மாத்திரையும் கல்லீரலும்

பூனாகலை மலையில் 40 ஆண்டுகள் கவ்வாத்து வெட்டிய கை ஓய்ந்தபின், இழந்த வலிமையை மருந்தில் தேடும் ஆசை எழுவது இயல்பே. நாம் அதனைப் பழிக்கவில்லை. 1889-ஆம் ஆண்டில் பிரௌன் செக்கார் என்னும் பேரறிஞரே, தம் 72-ஆம் வயதில், நாயின் விரைச்சாற்றை ஊசிவழி ஏற்றிக்கொண்டு, இளமை மீண்டதென்று அறிவித்தார். (மனமயக்கமன்றி வேறில்லை!)

டெஸ்டோஸ்டெரோன் என்னும் ஆண்மைச் சுரப்பு 1935-இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. அதனை விழுங்கினால், குடலினின்று நேரே கல்லீரலை அடைந்து பெரும்பாலும் அழிந்துவிடும். அவ்வாறு அழியாதிருக்க, அதனோடு மெத்தில் கூட்டி மாத்திரை செய்தனர். கேடும் அதனால் விளைந்தது. பித்தம் தேங்கி மஞ்சட்காமாலை கண்டது. கல்லீரலில் குருதிப் பைகளும், அரிதாகக் கட்டிகளும் தோன்றின. ஊசியாகவோ தோலிற் பூசும் களிம்பாகவோ தரும்போது கல்லீரலுக்கு இத்தீங்கு மிக அரிது.

முதுமைத் தளர்ச்சி ஒன்றுக்காகவே இம்மருந்தை நாடலாகாது. காலையில் எடுத்த குருதியில், இருமுறை சோதித்தும் சுரப்புக் குறைந்திருந்தால்தான் மருத்துவர் அதுபற்றி எண்ணுவார். பெயரறியா மாத்திரையைக் கடையில் வாங்குவோர், அதிலும் சாராயம் பழகியோர், தம் கல்லீரலை எண்ணிப் பார்க்கவேண்டும். உண்டபின் கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கறுத்தாலோ, மாத்திரையை அன்றே நிறுத்தி, அதன் உறையையும் கையோடு எடுத்துக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குச் செல்க.