ஈயம் பூசினாற்போலவும் பூசாதது போலவும்

'மேற்பூச்சு' என்னும் சொல்லை நாம் இகழ்ச்சியாகவே ஆண்டு பழகிவிட்டோம். உள்ளீடற்ற கவிதையைத் திட்ட அதுதான் முதலில் நாவில் வரும். வகுப்பறையில் எத்தனையோ முறை அப்படித் திட்டியும் இருக்கிறோம். திண்மநிலை லித்தியம் மின்கலங்களைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வந்ததில் அந்த ஏளனம் சற்றே கலைந்திருக்கிறது.

கைபேசி மின்கலத்துள் அயனிகளைக் கடத்துவது எளிதில் தீப்பற்றும் ஒரு திரவம். அதை நீக்கிப் பீங்கான் போன்ற திண்மத்தை வைத்தால் தீயச்சம் குறையும். லித்திய உலோகத்தையே ஒரு மின்வாயாக்கிக் கூடுதல் ஆற்றலைச் சேமிக்கலாம். இதற்கு வழிகாட்டியவற்றுள் ஒன்று, லித்தியமும் லாந்தனமும் சிர்க்கோனியமும் சேர்ந்த கார்னெட் வகைப் பீங்கான். அதனை 2007இல் அறிவித்தவர்கள் ராமசாமி முருகன், வெங்கடராமன் தங்கதுரை, ஜெர்மானியரான வெர்னர் வெப்னர் ஆகிய மூவர். முதலிரு பெயர்களைக் கண்டதும் 'தமிழன் கண்டான்' என முழங்குவோர் உண்டு. கண்டது யாது என்று தமிழில் நான்கு பத்தி எழுதுவோர்தாம் அரியர். இலக்கிய இதழ்களை நடத்தும், படிக்கும் நாமும் இக்குற்றத்திற்கு உடந்தையே.

பீங்கான் கிடைத்தது, சிக்கல் தீரவில்லை. திரவமாயின் இண்டு இடுக்கெல்லாம் தானே புகுந்துகொள்ளும். திண்மமும் திண்மமும் அங்கங்கே சில புள்ளிகளில் மட்டுமே தொடும். உருக்கிய லித்தியத்தை அப்பீங்கான்மேல் ஊற்றினாலும் தாமரை இலைத் தண்ணீராய் உருண்டு நின்றது. 2017இல் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தார் (தங்கதுரையும் அக்கட்டுரையில் ஓர் ஆசிரியர்) பீங்கானின் மேல் அலுமினியம் ஆக்சைடை மிக மெல்லிய படலமாகப் படியவைத்தனர். அலுமினியம் கொண்ட ஆவியையும் நீராவியையும் மாற்றி மாற்றிச் செலுத்தும் முறை அது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ நானோமீட்டரில் பத்திலொரு பங்கே படியும். லித்தியம் உடனே பரவி ஒட்டியது. எல்லையில் இருந்த மின்தடை 1710 ஓம் சதுர சென்டிமீட்டரிலிருந்து 1 ஆக வீழ்ந்தது. இத்தனைக்கும் அலுமினியம் ஆக்சைடு மின்காப்புப் பொருள்! லித்தியம் அதனோடு வினைபுரிந்து, அதையே அயனி செல்லும் வழியாக்கிக்கொண்டது.

ஈயம் பூசின மாதிரியும் இருக்க வேண்டும், பூசாத மாதிரியும் இருக்க வேண்டும் என்பது இரண்டுங்கெட்டான் ஆசையைக் கேலி செய்யும் பழமொழி. இங்கோ அதுவே இலக்கணம். பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறும். ஆகவே ஈயம் பூசினர், ஆயினும் அடுப்பின் சூடு தடையின்றி ஏறியது. ஜப்பானின் சுக்குபாவில் 2006, 2007 ஆண்டுகளில் செய்ததும் இவ்வினமே. கோபால்ட் ஆக்சைடு மின்வாய் கந்தகச் சேர்ம மின்பகுபொருளை நேரே தொட்டால் எல்லையில் தடை எழுந்தது. முதலில் லித்தியம் டைட்டனேட்டையும் பின்னர் லித்தியம் நயோபேட்டையும் இடையே சில நானோமீட்டர் பூசி அத்தடையைத் தணித்தனர். பூச்சுத் தடித்தால் அதுவே சுவராகிவிடும்.

பூச்சே மருந்தென்று முடிவு கட்ட வேண்டாம். அதே 2017இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் வேறு பக்கத்திலிருந்து வந்தனர். காற்றுப் பட்டதும் அப்பீங்கான்மீது கார்பனேட்டும் ஹைட்ராக்சைடும் அழுக்காகப் படிகின்றன. லித்தியம் ஒட்ட மறுத்தது அவ்வழுக்கோடுதான் என்றனர். தேய்த்துச் சூடேற்றி அதை நீக்கியபின், பூச்சே இல்லாமல் தடை ஏறத்தாழ 2 ஓம் சதுர சென்டிமீட்டருக்கு இறங்கியது. துலக்கினாலே போதுமாயிருக்கப் பூசுவானேன்? துலக்கிய பீங்கானை மறுபடி காற்றுத் தீண்டாமல் ஆய்வகப் பெட்டிக்குள் காக்கலாம். தொழிற்சாலையில் அது பெருஞ்செலவு. நம் சார்பு பூச்சின் பக்கமே. எனினும் விரைந்து மின்னேற்றுகையில் லித்தியம் இழையாக வளர்ந்து பீங்கானின் விரிசல்களில் ஊடுருவுவதைப் பூச்சு முற்றிலும் நிறுத்தவில்லை. 'அற்புத மின்கலம்' என்று கொட்டை எழுத்தில் அச்சிடும் நாளேடுகள் இவ்விழையைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை என்பது நம் எரிச்சல்.

இவ்வளவும் எழுதும்போது ஒரு சொல்லுக்கு இடறினோம். இரு பொருள்கள் கூடும் பரப்பை 'இடைமுகம்' என்கின்றனர். அது கணினித் திரையையே நினைவூட்டுகிறது. மரவேலையில் இணைப்பிடத்தைக் குறிக்கப் 'பொருத்துவாய்' என்றொரு சொல் இருக்கிறது. வரும் பருவத்தில் மாணவரிடம் அதை ஆண்டு பார்க்க எண்ணியுள்ளோம். அதனினும் பொருத்தமானது நண்பர்களிடம் இருந்தால் தரலாம்.