அணியைத் தேர்ந்தெடுத்த பின்...



இங்கிலாந்து பிரிமியர் லீக்கை ஒட்டிய ஃபேன்டசி காற்பந்தில் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் ஈடுபடுகின்றனர். வீண்வேலை என்று கடிந்துகொள்ளும் முன், அவர்கள் தேர்ந்தெடுத்த அணியை உடன் அமர்ந்து மதிப்பிட்டுப் பாருங்கள்.

கற்பனைப் பணம் 10 கோடி பவுண்டு. ஆட்டக்காரர் 15 பேர். ஒரே குழுவிலிருந்து மூவருக்கு மேல் எடுத்தல் ஆகாது. புகழ்பெற்ற நால்வருக்கே பணத்தைக் கொட்டிவிட்டால், மலிவாகக் கிடைக்கும் மற்றவர்களுள் பலர் திடலில் இறங்காதவராகவே இருப்பர். இறங்காதவருக்குப் புள்ளியும் இல்லை.

ஆகவே மூன்று கேள்விகள் போதும். வாரந்தோறும் ஆடக்கூடியவர் எத்தனை பேர்? முதல் பதினொருவருள் ஒருவர் ஆடாதபோது, மாற்று இருக்கையிலுள்ள நால்வருள் யார் கைகொடுப்பார்? இரட்டைப் புள்ளி பெறும் அணித்தலைவரைத் திறமைக்காகத் தேர்ந்தாயா, பிடித்த குழுவினர் என்பதற்காகவா?

மூன்றாம் கேள்விக்குத்தான் பிள்ளைகள் தலைகுனிவர். தன் தேர்வைத் தானே குறைகாணும் நேர்மை அங்கே தொடங்குகிறது. ஆனால் உண்மைப் பணம் வைத்து ஆடினால் அது சூதாட்டமே. அங்குக் கண்டிப்பு தேவை.

நம் வகுப்பறையிலும் கெட்டிக்கார நால்வருக்கே உழைப்பைக் கொட்டிவிட்டு, மற்றவரை மாற்று இருக்கையில் அமர்த்துகிறோமா? நானும் அவ்வாறு செய்ததுண்டு.

சிந்திப்போம்.