பார்ப்பவர் வேறு, புரப்பவர் வேறு

சமூக ஊடகம் இல்லையேல் தனித்தியங்கும் இசைக்கலைஞனுக்குச் சுவைஞர் கூட்டம் இல்லை என்பார் இன்று பலர். பாட்டுக்குப் பழகும் பொழுதைக் குறைத்தேனும் நாள்தோறும் காணொளி வெளியிடுக என்பது அவர்தம் அறிவுரை. இக்கூற்று முழுப் பொய்யன்று. ஆனால், முழு உண்மையும் அன்று.

மலேசியாவின் யோகி பி – நட்சத்ரா குழுவினர் ‘வல்லவன்’ இசைத்தொகுப்பை வெளியிட்டது 2006இல். முகநூல் பொதுமக்கள் அனைவர்க்கும் திறக்கப்பட்டதே அவ்வாண்டு செப்டம்பரில்தான். ஆயினும் அக்குழுவின் சொல்லிசை கடல் கடந்தது. மறு ஆண்டிலேயே தமிழகத்தின் ‘பொல்லாதவன்’ படப்பாடலில் யோகி பியின் குரல் ஒலித்தது.

மறுபக்கத்தையும் காண்க. 2021இல் அறிவும் தீயும் பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ யூடியூபில் 40 கோடிக்கும் மேற்பட்ட முறை பார்க்கப்பட்டது. அப்பாடலால் தம் மூவருக்கும் ஒரு காசும் கிட்டவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் வெளிப்படையாகக் கூறினார். கோடிக்கணக்கான கண்கள் கண்டும் கலைஞனின் கை வெறுமையாய் இருக்கக்கூடும் என்றால், அக்கணக்கினால் யாது பயன்?

அறிமுகம் இல்லாத ஏழை இளைஞனுக்கு ஊடகம் கதவு திறந்தது என்பர். உண்மையே. முன்னர் வானொலி நிலையத்தாரும் ஒலிநாடா வெளியிடுவோரும் மனம் வைத்தாலன்றி அவன் குரல் வெளிவராது. ஆனால் கதவு வீடாகாது. வாழ்வதற்கு வீடு வேண்டும்.

அவ்வீடு முன்னர் இருந்தது. கெலாங் பாத்தாவைச் சூழ்ந்த தோட்டங்களில் நாதசுரமும் உறுமியும் முழங்கிய நாளில் திருவிழாவே மேடை, ஊரே சுவைஞர். தோட்டங்கள் மறைந்து வீடமைப்புகள் எழுந்தன, மக்கள் சிதறினர், மேடையும் சுருங்கியது. இன்று அவ்வூர் இளைஞனின் பாட்டைச் சென்னையில் ஒருவர் கைப்பேசியில் கேட்கலாம். அவன் ஊர்த் திருமணத்திலோ திரைப்பாடல் ஒலிப்பதிவே முழங்குகிறது. பாடுவதற்கு அவனை அழைத்தாலும், “நம் பிள்ளைதானே!” என்று சொல்லி ஊதியத்தை மறந்துவிடுகின்றனர். அவன் இரண்டாம் பாலம் கடந்து சிங்கப்பூரில் கூலி வேலை தேடினால் அதற்கு ஊடகமா பொறுப்பு? ஊரன்றோ பொறுப்பு!

ஆகவே, கலைஞனை நோக்கி “இன்னும் விளம்பரம் செய்” என்பது நம் கடமையை அவன் தோளில் ஏற்றுவதாகும். கோயில் நிருவாகமும் பள்ளிப் பெற்றோர் சங்கமும் இயக்கங்களும் ஆண்டுக்கு ஒரு மாலையேனும் உள்ளூர்ப் பாடகனுக்கு ஒதுக்கட்டும். உரிய ஊதியத்தை முன்கூட்டியே பேசித் தரட்டும். ஊடகம் அந்த மாலைக்கு அழைப்பிதழாகட்டும். கைப்பேசியில் விருப்பக்குறி இடும் விரல்கள், அரங்கிற்கு வந்து நுழைவுச்சீட்டு வாங்கட்டும். கலை பார்வையால் மட்டும் வாழ்வதில்லை. பேணுவார் இருந்தால்தான் வாழும்.