கதிரியக்க மூலங்களை வைக்கும் அறை மலைக்கும் மக்களுக்கும் ஏற்றதாக அமைய வேண்டும்: சூரியநெல்லித் தோட்டத் தொழிலாளர்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
தேயிலை, ஏலத் தோட்டத் தொழிலாளர் சங்கம்,
சூரியநெல்லி, சின்னக்கானல் ஊராட்சி,
உடும்பன்சோலை வட்டம், இடுக்கி மாவட்டம்.

பெறுநர்:
1. உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், பைனாவு, இடுக்கி.
2. உயர்திரு தலைவர் அவர்கள், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், மும்பை.
3. உயர்திரு இயக்குநர் அவர்கள், கேரளக் கதிரியக்கப் பாதுகாப்பு இயக்குநரகம், திருவனந்தபுரம்.

நகல்: மாவட்ட ஆட்சியர், தேனி; கேரள மாநில மின்சார வாரியம், திருவனந்தபுரம்.

பொருள்: மின் திட்டங்களிலும் குழாய்ப் பணிகளிலும் பயன்படும் கதிரியக்க மூலங்களை வைக்கும் அறைகளின் இடத்தேர்வு, கட்டுமானம், காவல் ஆகியவற்றுக்கு இடுக்கி மாவட்டத்துக்கெனத் தனி நிபந்தனைகள் வகுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

2007 செப்டம்பர் 17 அன்று பன்னியார் மின் நிலையத்தின் பென்ஸ்டாக் எனும் அழுத்தக் குழாய் வெடித்து 8 பேர் உயிரிழந்தார்கள். எங்கள் ஊரை ஒட்டிய ஆனையிறங்கல் அணையின் தண்ணீர்தான் பொன்முடி நீர்த்தேக்கம் வழியாக அந்த மின் நிலையத்துக்குப் போய்ச் சேருகிறது. ஆகவே, அழுத்தக் குழாய்களின் வெல்டிங் மூட்டுகளைச் சரிவரச் சோதிக்க வேண்டும் என்பதை எங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சோதனையை நாங்கள் எதிர்க்கவில்லை. சோதனைக்கு வரும் கருவி இரவில் எங்கே, எப்படி வைக்கப்படுகிறது என்பதே எங்கள் கவலை.

இத்தகைய மூட்டுகளின் உட்குறைகளைக் கண்டறிய இரிடியம்-192 கொண்ட காமா கேமராவைப் பயன்படுத்துவது வழக்கம். கைப்பிடி வைத்த அந்தப் பெட்டி ஏறத்தாழ 20 கிலோ எடை இருக்கும். ஓர் ஆளே தூக்கிக்கொண்டு போய்விடலாம். உள்ளே இருக்கும் மூலமோ சில மில்லிமீட்டர் அளவுதான். கவசத்துக்குள் இருக்கும் வரை அது அடங்கியிருக்கும். வெளியே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் உயிரையே பறிக்கும். அதன் கதிர்வீச்சுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தொட்டால் சூடும் தெரியாது. ஆக்கிரிக் கடையில் (பழைய இரும்புக் கடையில்) எடை போடுகிறவருக்கு அந்தப் பெட்டி கனமான உலோகம், அவ்வளவுதான்.

இது வெறும் அச்சமல்ல. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் பல ஆண்டுகள் பயன்பாடின்றிக் கிடந்த கோபால்ட்-60 கருவி 2010 பிப்ரவரியில் ஏலம் விடப்பட்டது. அது மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்குப் போய், அங்கே பிரித்து உடைக்கப்பட்டது. தொழிலாளர் ஒருவர் இறந்தார். பலர் கடும் பாதிப்புடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பிரேசிலின் கோயானியா நகரில் 1987-ல் கைவிடப்பட்ட சிகிச்சை மையத்திலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட சீசியம்-137 நான்கு உயிர்களைக் குடித்தது. இரண்டு இடங்களிலும் பாதிக்கப்பட்டவர்களில் பலர் எளிய மக்கள். தாங்கள் கையில் எடுத்தது என்ன என்பதே அவர்களுக்குத் தெரியாது.

2004-ஆம் ஆண்டின் அணுசக்தி (கதிர்வீச்சுப் பாதுகாப்பு) விதிகள் நடப்பில் உள்ளன. அவை நாடு முழுமைக்கும் பொதுவானவை. யானை நடமாட்டம், மண்சரிவு, லயங்கள் எனும் வரிசை வீடுகளில் நெருங்கி வாழும் குடும்பங்கள் என்று எங்கள் மலைக்கே உரிய நிலைமைகளுக்கு ஏற்ப, மூலங்களை வைக்கும் ஒவ்வோர் அறையும் வடிவமைக்கப்பட வேண்டும். அதற்காகக் கீழ்க்காணும் கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

கோரிக்கைகள்

1. இடத்தேர்வு: லயம், அங்கன்வாடி, பள்ளி, குடிநீர் ஓடை ஆகியவற்றுக்கு அருகில் இவ்வறை அமையக் கூடாது. மண்சரிவு அபாயப் பகுதியிலும் கூடாது. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் 70 பேரை மண்ணுக்குப் பறிகொடுத்த மாவட்டம் இது. மண் ஆய்வு அறிக்கை இல்லாமல் அனுமதி தரக் கூடாது.

2. கதிர்வீச்சுக் கணக்கு: பொதுமக்களுக்கான வரம்பு ஆண்டுக்கு 1 மில்லி சீவெர்ட். அறைக்கு வெளியே இருப்பவர் ஆண்டுக்கு 2,000 மணி நேரம் மட்டும் இருப்பார் என்று அலுவலகக் கணக்குப் போட்டால், மணிக்கு 0.5 மைக்ரோ சீவெர்ட் வரை அனுமதிக்கலாம் என்று வரும். லயத்தில் கைக்குழந்தையும் முதியவரும் இரவு பகலாக இருக்கிறார்கள். ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் கணக்கிட்டால் அந்த அளவு ஏறத்தாழ 0.11 ஆகக் குறைகிறது. மக்கள் குடியிருக்கும் திசையில் இந்த இரண்டாவது கணக்கின்படியே சுவர் கட்டப்பட வேண்டும்.

3. சுவரும் கூரையும்: இரிடியம்-192 கதிர்வீச்சை ஏறத்தாழ 15 செ.மீ. தரமான கான்கிரீட் பத்தில் ஒன்றாகக் குறைக்கும், 45 செ.மீ. ஆயிரத்தில் ஒன்றாகக் குறைக்கும். ஹாலோ பிளாக் சுவரும் தகர ஷீட்டும் இதற்கு ஈடாகா. கூரையும் கான்கிரீட்டாகவே இருக்க வேண்டும்; ஜன்னல் கூடாது.

4. தரைக்குழி: கேமராவை வைக்கும் குழி கான்கிரீட்டால் கட்டப்பட்டு, பூட்டக்கூடிய கனத்த மூடியுடன் இருக்க வேண்டும். ஆடி மாத மழையில் ஊற்று கிளம்பும் மண் இது. குழிக்குள் நீர் கசியாத பூச்சும், தரைமட்டத்துக்கு மேல் உயர்ந்த விளிம்பும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

5. யானைப் பாதுகாப்பு: 2023 ஏப்ரல் 29 அன்று பிடிக்கப்பட்டு இடம் மாற்றப்படும் வரை, அரிக்கொம்பன் என்னும் காட்டு யானை பன்னியார் எஸ்டேட் ரேஷன் கடையைப் பலமுறை உடைத்தது. எங்கள் வீட்டுச் சுவர்களும் தப்பவில்லை. எனவே அறையைச் சுற்றி அகழியோ உறுதியான வேலியோ வேண்டும். அரிசி, உப்பு உள்ளிட்ட எந்த உணவுப் பொருளும், காவலரின் சமையலும் அறைக்கு அருகில் இருக்கக் கூடாது. டீசல், எரிவாயு சிலிண்டர், வெடிமருந்து ஆகியவற்றையும் அங்கே வைக்கக் கூடாது.

6. பூட்டும் பதிவேடும்: இருவர் சேர்ந்தால்தான் திறக்க முடியும் என்னும்படி இரட்டைப் பூட்டு, 24 மணி நேரக் காவல், எச்சரிக்கை மணி ஆகியவை வேண்டும். கேமரா வெளியே போகும்போதும் திரும்பி வரும்போதும் கதிர்வீச்சை அளவியால் அளந்து, கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலரின் பொறுப்பில் பதிவேட்டில் எழுத வேண்டும். மூலம் கவசத்துக்குள் முழுமையாகத் திரும்பிவிட்டதா என்பது அந்த அளவையில்தான் தெரியும்.

7. புரியும் மொழியில் எச்சரிக்கை: தமிழ், மலையாளம், இந்தி ஆகிய மூன்று மொழிகளிலும் பலகை வைக்க வேண்டும். ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்களும் இன்று எங்களோடு வேலை செய்கிறார்கள். மூவிதழ்ச் சின்னத்துடன், 2007-ல் அறிமுகமான மண்டை ஓடும் தப்பியோடும் மனிதனும் கொண்ட சிவப்புச் சின்னத்தையும் படித்தவர், படிக்காதவர் அனைவருக்கும் விளக்கிக் காட்ட வேண்டும்.

8. திருப்பி அனுப்புதல்: இரிடியம்-192-ன் அரை ஆயுள் 74 நாட்கள். வலுக்குறைந்த மூலம் வேலைக்கு உதவாது. ஆனாலும் ஆபத்து நீங்கிவிடாது. அதைத் தயாரித்தவரிடமே திருப்பி அனுப்பியதற்கான சான்று தரும் வரை ஒப்பந்தக்காரரின் வைப்புத்தொகையை விடுவிக்கக் கூடாது.

9. அவசர ஏற்பாடு: சாந்தம்பாறை காவல் நிலையம், மூணாறு, அடிமாலி தீயணைப்பு நிலையங்கள், சின்னக்கானல் சுகாதார நிலையம் ஆகியவற்றுக்குப் பயிற்சியும் கதிர்வீச்சு அளவியும் வழங்க வேண்டும். போடிமெட்டு வழியாக வரும் மூலங்கள் பற்றி இடுக்கி, தேனி ஆகிய இரு மாவட்ட நிர்வாகங்களும் முன்கூட்டியே தகவல் பரிமாறிக்கொள்ள வேண்டும். ஆக்கிரிக் கடைக்காரர்களுக்குத் தனியாக விளக்கக் கூட்டம் நடத்த வேண்டும்.

10. கிராம சபை: அறையின் பாதுகாப்புக்குக் குந்தகம் வராத அளவில், அதன் கதிர்வீச்சு அளவைகளைக் கிராம சபையில் தமிழிலும் மலையாளத்திலும் படித்துக் காட்ட வேண்டும்.

மேற்கண்டவற்றுள் பெரிய செலவு பிடிப்பது கான்கிரீட்டும் காவலும் மட்டுமே. திட்ட மதிப்பீட்டிலேயே அவற்றைச் சேர்த்துவிடலாம். ஒரு மூலம் காணாமல் போன பிறகு மலை முழுவதும் தேடுவதற்கு ஆகும் செலவையும், அதற்குள் போகக்கூடிய உயிரையும் எந்த மதிப்பீட்டிலும் எழுத முடியாது.

ஆகவே, இம்மனு கிடைத்த 30 நாட்களுக்குள் மேற்கண்ட அலுவலகங்களின் கூட்டு ஆய்வுக் கூட்டத்தைச் சூரியநெல்லியில் நடத்தி, தொழிலாளர் பிரதிநிதிகளையும் அழைத்துப் பேசுமாறும், இந்நிபந்தனைகள் நிறைவேறிய பிறகே மாவட்டத்துக்குள் எந்த மூலத்தையும் இருப்பு வைக்க அனுமதிக்குமாறும், எழுத்துபூர்வமான பதிலைத் தமிழில் வழங்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இடம்: சூரியநெல்லி

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் சங்க உறுப்பினர்கள்